ஆற்றுக்குக் காது கொடுங்கள்

"ஹலோ... ஹலோ... ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டு, ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அறிவிப்பாளர் காத்திருந்தார். ஆறு அந்த இடத்தில் முந்நூறு மீட்டர் அகலம். அக்கரைக் கம்பங்களில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்து அவருடைய குரல் ஒரு நொடி பிந்தி, லேசாக மூக்கடைத்துக்கொண்டு, அவரிடமே திரும்பி வரும். பதினேழு வருடமாக ஆற்று விழாவுக்கு அவர்தான் குரல். இந்தத் திரும்பி வருகிற குரலைக் கேட்காமல் அவர் எந்த வருடமும் வேலையைத் தொடங்கியதில்லை. கண்ணாடியில் ஒருமுறை தலைமுடியைப் பார்த்துக்கொள்வது மாதிரி அது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே ஓர் இருமலும் வந்தது.

இவர் இருமவில்லை.

அவர் பரணின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். படித்துறையின் ஓரத்தில் நாலு மரக்கால்களின் மேல் பலகை அடித்துக் கட்டிய பரண் அது; அதனடியில் ஜெனரேட்டர்; அதன் பக்கத்தில் டீசல் வாடையோடு மைக்செட்காரர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் எலும்பாக இருப்பதால் அவரை எல்லோரும் 'ஒயர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாருப்பா அக்கரையில இருமுறது?"

"அங்க ஆளே இல்ல சார். வெறும் குழாய்தான் கட்டியிருக்கு. குழாய்க்கு எங்கேருந்து சளி பிடிக்கும்?"

அறிவிப்பாளரும் சிரித்துவைத்தார். ஆனால் அது ஈரமான இருமல். தண்ணீர் புரையேறியவன் இருமுகிற இருமல்.

மணி நாலரை. வெயில் சாய்ந்து ஆற்றின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. மேல்கரையில் இருபத்திரண்டு படகுகளையும் வரிசையாகக் கட்டிவைத்து, ஏணி போட்டுக் கடைசி நேர ஜோடனை நடந்துகொண்டிருந்தது. இந்த நகரத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு படகு. ரொட்டிக் கடைக்காரர்கள் அடுப்பு கட்டுவார்கள். தபால்காரர்களின் படகில் ஆளுயர உறை ஒன்று இறக்கை விரித்து நிற்கும். குடிநீர் வாரியத்தின் படகு ஒரு பெரிய குழாய். அது வருடா வருடம் ஒழுகும், ஊரும் வருடா வருடம் கைகொட்டிச் சிரிக்கும். அறிவிப்பாளருக்கு மற்ற நாட்களில் அந்த வாரியத்தில்தான் வேலை, புகார் வாங்கும் மேசையில். தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கல், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று நாள் முழுக்க யாராவது வந்து சொல்வார்கள். அவர் காதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மண்டையை ஆட்டுவார். வருடத்தில் ஒருநாள் மட்டும் அவர் பேச, ஊர் கேட்கும்.

அந்த ஒருநாளுக்காகத்தான் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் சுடுதண்ணீர் குடித்துத் தொண்டையைக் காப்பாற்றினார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. போன வருடம் வரைக்கும் இருந்தது.

ஐந்தரை மணிக்கு மனைவி பரணேறி வந்தாள், ஃபிளாஸ்கோடு. குழாய்ப் படகில் வாரியக் குடும்பங்களோடு அவளும் போகிறாள். பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு தோள்பட்டையில் கைவைத்து உடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். புதுத் தையல்கடை. அளவு சரியில்லை. ஒரு வருடமாக அவள் இப்படி இழுத்துவிட்டுக்கொள்வதை அவர் தினமும் பார்க்கிறார், பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பதினோரு வருடம் அவளுக்கு உடை தைத்தவள் வேறொருத்தி. கூடப் பிறக்காத தங்கச்சி மாதிரி வீட்டுக்குள் வந்துபோனவள்.

"அவ வந்திருக்கா. படித்துறையில, கீழ்ப்படியில நிக்கிறா" என்றாள் மனைவி.

"யாரு?"

"யாருன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க. தையல்காரிதான். ஏதாவது பேச வந்தா பேச்சே குடுக்காதீங்க, சொல்லிட்டேன். உங்களைப் பொய்யன்னு நாலு பேர் முன்னாடி சொன்னவ. அண்ணன் செத்த துக்கம்னு நானும் எவ்வளவு நாள் பொறுக்கிறது? நடுத்தெருவுல வச்சு நாக்கைக் கழுவிட்டுப் பேசுன்னு நானே சொல்லிட்டேன் இல்ல?"

சொல்லியிருந்தாள். அவருக்காகச் சொல்லியிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அழுததையும் அவர் பக்கத்து அறையிலிருந்து கேட்டார். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளிதழைப் பக்கம் புரட்டினார்.

"சரி, நீ கிளம்பு. படகுல ஓரத்துல உக்காராதே" என்றார் இப்போது.

"ஒழுகுற குழாய்ல ஓரம் என்ன, நடு என்ன" என்று சிரித்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஆறரைக்குப் படகுகள் புறப்பட்டன. இரு கரையிலும் தலைகள். வறுத்த கடலை வாசனையும் ஈரக் கயிற்றின் வாடையும் மோட்டார்களின் புகையும் கலந்து படியேறி வந்தன. ஒவ்வொரு படகிலும் நூற்றுக்கணக்கில் சின்ன விளக்குகள். அவற்றின் பிம்பம் தண்ணீரில் விழுந்து, நெளிந்து, உடைந்து, ஆறே எரிவது போலிருந்தது. எது தண்ணீர், எது வெளிச்சம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் படகோட்டிகள் முன்காலத்திலேயே ஒரு விதி வைத்திருந்தார்கள்.

விழாவின்போது யாராவது ஆற்றில் விழுந்துவிட்டால் கண்ணால் தேடிப் பயனில்லை, காதால்தான் தேட வேண்டும். அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் மூன்று முறை 'ஆற்றுக்குக் காது கொடுங்கள்' என்று சொல்வார். உடனே எல்லாப் படகும் மோட்டாரை நிறுத்தி விளக்கை அணைக்கும். நடு ஆற்றில் மிதவையின் மேல் வாணங்களை அடுக்கிவைத்திருப்பவர்கள், இருட்டில் படகுகள் பக்கத்தில் வந்துவிட்டால் ஆபத்து என்று, எல்லாவற்றின் மேலும் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். ஜெனரேட்டரும் நிற்கும். கரையில் ஒரு குழந்தைகூட வாய்திறக்காது. அந்த அமைதியில் விழுந்தவரின் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே படகோட்டிகள் கைத்துடுப்பால் போவார்கள். பதினேழு வருடத்தில் அவர் இரண்டு முறை அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் விழுந்தவர் பிழைத்தார். இரண்டு முறையும் அந்த வருடம் வாணவேடிக்கை இல்லை.

அதைச் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். ஒலிவாங்கி அவரிடம்தானே இருக்கிறது.

"அடுத்து வருவது நம் ரொட்டிக் கடைக்காரர்களின் அடுப்புப் படகு! அடுப்பு சூடாக இருக்கிறது, பக்கத்தில் வருபவர்கள் மீசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்!" என்றார். கரை சிரித்தது. அக்கரையிலிருந்து 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று குரல் திரும்பி வந்தது. அதோடு ஒரு மூச்சும். வாயால் இழுக்கிற மூச்சு.

காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை எடுத்துவிட்டுக் கேட்டார். கூட்டத்தின் இரைச்சல்தான். மாட்டினார். மறுபடி மூச்சு. அதனடியில் தண்ணீர் எதன் மேலோ தப்புத் தப்பென்று அடிக்கும் சத்தம். பக்கத்தில், மிகப் பக்கத்தில். ஒலிவாங்கியைத் தண்ணீருக்கு அரை அடி மேலே தொங்கவிட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி. ஒயரை மேலே கூப்பிட்டு ஹெட்ஃபோனைக் கொடுத்தார். ஒயர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, டாக்டர் மாதிரி கேட்டார்.

"சுத்தமா இருக்கு சார். கொசு பறந்தாக்கூடக் கேக்கும்."

"மூச்சு விடுற சத்தம் வரல?"

"உங்க மூச்சா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒயர் இறங்கிவிட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அது காதுக்குள்ளும் குறுகுறுக்கும் போலிருக்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தையல்காரர்களின் படகு வந்தபோது அவர் சொல்லவேண்டியதை எழுதிவைத்த தாளில் பார்த்தே படித்தார். இரண்டு ஆள் உயரக் கத்தரிக்கோல், வெள்ளிக் காகிதம் ஒட்டியது. போன வருடம் அதே கத்தரிக்கோலின் நுனியில் காகிதம் பெயர்ந்துவிட்டதென்று ஓரத்தில் ஏறிச் சரிசெய்யப் போனவர்தான் விழுந்தார். பெயின்டர். எல்லாப் படகுக்கும் வர்ணம் அடிப்பவர். தையல்காரியின் அண்ணன்.

ஏழே முக்காலுக்குப் பரணின் படிகள் கிறீச்சிட்டன. திரும்பாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவள் மேலே வரவில்லை. கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"சார்" என்றாள். பதினோரு வருடம் 'மாமா' என்று கூப்பிட்டவள். "சண்டை போட வரல சார். ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடுறேன்."

"எட்டு மணிக்குக் கவுண்ட்டவுன் இருக்கும்மா."

"தெரியும். அதுக்குள்ள முடிச்சிடுறேன்." அவள் குரல் தணிந்துதான் இருந்தது. "அண்ணன் விழுந்ததும் நான் படித்துறையோரம் நின்ன எங்க படகுலேருந்து குதிச்சு, படியில ஓடி வந்தேன். பாதியில செருப்பு கழண்டுடுச்சு. நின்னு எடுத்தேன். புதுச் செருப்பு. ஏன் எடுத்தேன்னு தெரியல. நான் வந்தப்ப நீங்க எட்டு எண்ணிக்கிட்டிருந்தீங்கன்னுதான் எனக்கு ஞாபகம். என்னைப் பாத்துக் கையைத் தூக்கி, இருன்னு சைகை காமிச்சீங்கன்னு ஞாபகம். ஆனா விசாரணையில நீங்க, வாணம் வெடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் நான் வந்ததா சொன்னீங்க. நீங்க பொய் சொல்ற ஆள் இல்லைன்னு அக்கா சொல்றாங்க. ஊரே சொல்லுது. ஒரு வருஷமா யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே குழப்பமா இருக்கு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் முன்னாடி வந்தேனா, பின்னாடி வந்தேனா? செருப்பை எடுக்க நின்னதாலதான் அண்ணன் போயிட்டாரா?"

அவள் முன்னாடிதான் வந்தாள்.

அவர் 'எட்டு' என்று சொல்லி வாய்மூடுவதற்குள் வந்தாள். நாற்பதாயிரம் பேர் அவர் குரலோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருடைய மூச்சும் அவர் தொண்டைக்குள் இருந்தது. இவள் வந்து, 'அண்ணன் விழுந்துட்டாரு, நிறுத்தச் சொல்லுங்க' என்றாள். அவர் கையைத் தூக்கினார். ஏழு என்றார். ஆறு என்றார். ஒன்று வரைக்கும் சொல்லி முடித்தார். பன்னிரண்டு நிமிடம் வானம் வெடித்தது. அதற்கப்புறம் காது கொடுத்து என்ன, கொடுக்காமல் என்ன. மூன்றாம் நாள் கீழ் மதகில் உடல் ஒதுங்கியது. விசாரணைக் குழு கேட்டபோது, 'வெடிக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தார், அப்போது அறிவித்தாலும் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது' என்று மணிமணியாகச் சொன்னார். நல்ல குரல். எல்லோரும் நம்பினார்கள். துக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு நேரக் குழப்பம் என்று எழுதி முடித்தார்கள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. கேட்கப் போவது ஒரே ஒருத்தி. அவர் வாயைத் திறந்தார். தையல்காரி செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடிதாம்மா வந்தே" என்றார்.

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரிங்க சார். அப்ப நான்தான் லேட்டு."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக, வயசானவள் போல, இறங்கினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, மறைத்த சோற்றை அவளுக்கே ஊட்டியும் விட்டாயிற்று.

ஹெட்ஃபோனை மாட்டினார்.

மூச்சு நின்றிருந்தது. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. பிறகு, காதோடு காதாக ஓர் ஆண்குரல், கரகரத்து, பொறுமையாக:

"இங்க இருக்கேன்."

அவர் ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கீழே போட்டார். கீழே கிடந்த ஹெட்ஃபோனிலிருந்தும் கேட்டது. ரொம்பச் சன்னமாக. "இங்க இருக்கேன். இங்க இருக்கேன்."

"சார், எட்டாச்சு!" என்று ஒயர் கீழிருந்து கத்தினார். படகுகள் ஆற்றின் குறுக்கே வில் போல அணிவகுத்து நின்றுவிட்டன. மிதவையில் தீப்பந்தத்தோடு ஓர் ஆள் எழுந்து நின்றான். கரையெல்லாம் முகங்கள் வானத்தைப் பார்த்து அண்ணாந்தன. அவருடைய கை பழக்கத்தில் ஒலிவாங்கியை எடுத்தது. அவருடைய வாய் பழக்கத்தில் திறந்தது.

"பத்து!"

நாற்பதாயிரம் பேர் பத்து என்றார்கள். அக்கரை பத்து என்றது.

"ஒன்பது!"

ஒன்பது என்றார்கள். அக்கரை ஒன்பது என்றது. இங்க இருக்கேன், என்றது.

யாராவது கேட்டார்களா என்று பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கீழே பார்த்தாள். கீழ்ப்படியில், தண்ணீர் விரலைத் தொடும் இடத்தில், வெறுங்காலோடு நின்று தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு."

இங்க இருக்கேன்.

ஏழு வரவில்லை. கூட்டம் அவர் இல்லாமலே ஏழு என்றது, பிறகு தடுமாறியது, சிரித்தது, அடங்கியது.

"ஆற்றுக்குக் காது கொடுங்கள்" என்றார்.

அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை சொன்னார். கீழே ஒயர் 'ஐயோ' என்று எழுந்தது தெரிந்தது. மிதவையில் வாளிகள் மோதின. அதற்குள் அவர் அவசரமாக, ஒலிவாங்கி உதட்டில் இடிக்க, மிச்சத்தையும் சொன்னார்.

"போன வருடமே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பெயின்டர் விழுந்ததும் அவருடைய தங்கை நேரத்தோடுதான் வந்தார். நான் எட்டு எண்ணும்போதே வந்து சொன்னார். நான்தான் நிறுத்தவில்லை. விசாரணையில் சொன்னது பொய். அவர் சொன்னதுதான் உண்மை."

அக்கரையிலிருந்து 'உண்மை' திரும்பி வருவதற்குள் ஜெனரேட்டர் நின்றது.

படகுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடுப்பு. தபால் உறை. கத்தரிக்கோல். கடைசியாக, ஒழுகுகிற குழாய். மோட்டார்கள் விக்கி ஓய்ந்தன. கரைவிளக்குகளும் போயின. நிலா இல்லை. இருட்டு கண்ணில் கைவைத்துப் பொத்தியது போல இருந்தது. அவ்வளவு ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த இருட்டில் அவர் அழுதார். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

அப்போது நடு ஆற்றிலிருந்து குரல் வந்தது.

"இங்க இருக்கேன்..."

இப்போது எல்லோருக்கும் கேட்டது. கரை நெடுகிலும் ஒரு விம்மல் ஓடி அடங்கியது.

"இங்க... கை குடுங்க..."

துடுப்புகள் தண்ணீரில் இறங்கின. படகோட்டிகளுக்கு யோசிக்க எதுவும் இல்லை. குரல் வந்தால் போக வேண்டும், அதுதான் விதி. இருபத்திரண்டு படகுகளிலும் துடுப்பு. சளக். சளக். எல்லாம் ஒரே திசையில்.

படிகளில் யாரோ வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். பரண் அதிர்ந்தது. தையல்காரி அவர் கையை இருட்டில் தடவிப் பிடித்தாள்.

"மாமா" என்றாள். "அது எங்க அண்ணன் குரல் இல்ல."

"என்னம்மா சொல்றே?"

"எங்க அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா? அது அவர் இல்ல மாமா. வேற எதுவோ. போகவேணாம்னு சொல்லுங்க. கை குடுக்கவேணாம்னு சொல்லுங்க!"

இந்த முறை அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பினார். ஒலிவாங்கியை எடுத்து, "யாரும் கிட்டே போகாதீர்கள்!" என்றார்.

ஒன்றும் கேட்கவில்லை. செத்த ஒலிவாங்கி. ஜெனரேட்டர் இல்லை.

"ஒயர்! மைக்கைப் போடுப்பா! போடு!"

"இப்பதானே நிறுத்தினேன்? இருட்டுல கைப்பிடியைக் காணோம் சார், கொஞ்சம் இருங்க..."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுந்தொண்டையால் கத்தினார். "கை குடுக்காதீங்க! திரும்பி வாங்க! கை குடுக்காதீங்க!" பதினேழு வருடமாக ஊரே கேட்ட குரல். இருட்டு விழுங்கியது போல, பத்தடி தாண்டவில்லை. கீழே படித்துறையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"உஷ்!" என்றார்கள். "காது குடுக்கச் சொல்லிட்டு நீங்களே கத்தினா எப்படி சார்?"

தையல்காரியும் கத்தினாள். அவளையும் 'உஷ்' என்றார்கள். பாவம், அண்ணன் நினைப்பு, என்று ஒரு குரல் சொன்னது.

சளக். சளக். துடுப்புச் சத்தம் ஒன்று நின்றது. இன்னொன்று நின்றது. வரிசையாக நின்றுகொண்டே வந்தது. கடைசித் துடுப்பும் நின்றது. "கை குடுங்க" என்ற குரலும் நின்றது.

எந்தப் படகிலிருந்தும் சத்தம் இல்லை. பேச்சு இல்லை. இருமல் இல்லை. அந்தப் படகுகளில் ஒன்றில்தான் அவர் மனைவி இருந்தாள்.

மிதவையில் நனையாமல் தப்பிய ஒரே ஒரு வாணம், எந்தப் பொறி பட்டதோ, சீறிக்கொண்டு மேலே போனது. உயரத்தில் வெடித்து, வெள்ளையாக, நிதானமாக, வெளிச்சத்தைக் கீழே இறக்கியது.

இருபத்திரண்டு படகுகளும் நடு ஆற்றில் ஒரு வட்டமாகக் கூடி நின்றன. படகுகளில் இருந்த எல்லோரும், ஓட்டிகள், குழந்தைகள், கிழவர்கள், எல்லோரும் உள்பக்கமாகக் குனிந்து, ஒரு கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கையும் எதையோ பிடித்திருந்தது. யாரும் இழுக்கவில்லை. யாரும் விடவில்லை. குழாய்ப் படகில் அவர் மனைவி ஓரத்தில்தான் இருந்தாள். கன்னம் ஏறக்குறைய தண்ணீரைத் தொட, ஒருவரைக் காப்பாற்றிவிட்டவளின் நிம்மதியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் இறங்க இறங்க, படகுகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே வேகத்தில், உள்பக்கமாகச் சாயத் தொடங்கின.

படித்துறையில் இருந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை. படகுகள் கூடியிருப்பதும் எல்லோரும் கை நீட்டியிருப்பதும்தான் தெரிந்தது.

"பிடிச்சிட்டாங்க!" என்று யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள். கரை முழுக்கக் கைதட்ட ஆரம்பித்தது.